இலைக்குள் ஒளியும் புழு



காலையில் வேலைக்குப் புறப்படும் முன்பு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வெண்டைச் செடிகளுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள். நேற்று வரை உள்ளங்கை போல் விரிந்து நின்ற இலை ஒன்று, இன்று கச்சாங் பூத்தேக்காரர் சுற்றித் தரும் காகிதச் சுருள்போல் சுருண்டு தொங்குகிறது. யார் சுருட்டினார்கள்? மெல்லப் பிரித்துப் பார்க்கிறீர்கள். உள்ளே நூலாம்படை போன்ற இழைகள். கடுகைப் போலக் கருப்பான எச்சம். நடுவில் கருந்தலையோடு ஒரு பச்சைப் புழு. விரல் பட்டதும் பின்னோக்கித் துள்ளித் தரையில் விழுந்து ஓடுகிறது.

இந்தப் புழுவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இதில் என்ன பெரிய பேச்சு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சின்னஞ்சிறு புழுவுக்குப் பயந்து நாம் செய்த ஒரு காரியத்தால் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் புழு யார், எதைத் தின்கிறது, ஏன் சுருட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

இரவில் விளக்கைச் சுற்றி வட்டமிடும் அந்துப்பூச்சிகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒரு சாராரின் பிள்ளைகளே இந்த இலைசுருட்டிப் புழுக்கள். தாய் அந்து இலையின் அடிப்புறத்தில் முட்டையிடுகிறது. சில நாளில் முட்டை பொரிந்து புழு வருகிறது. தின்று, தோலுரித்து, வளர்ந்து, பிறகு தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாக உறங்குகிறது. கூட்டுப்புழுவிலிருந்து மறுபடியும் அந்து வெளிவருகிறது. நம்முடைய வெப்ப நாட்டில் இந்தச் சுற்று முழுவதும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். குளிர்காலம் என்ற ஓய்வு இங்கே இல்லை. ஆகையால் ஆண்டு முழுவதும் தலைமுறைக்குப் பின் தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிறகு முளைத்த அந்து நம் இலையைக் கடிப்பதில்லை. அதற்குக் கடிக்கும் வாயே கிடையாது. தேனை உறிஞ்சும் குழல்தான் உண்டு. தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். தாய் அந்து தன் பிள்ளைக்குப் பாலூட்டுவதும் இல்லை, காவல் இருப்பதும் இல்லை. எந்தச் செடியில் முட்டையிடுவது என்று சரியாகத் தேர்ந்தெடுப்பது ஒன்றே அது செய்யும் தாய்க்கடமை. செடி மாறிப் போனால் பிள்ளை பட்டினி.

சரி, ஏன் சுருட்ட வேண்டும்? புழுவின் தோல் மெல்லியது. வெயில் பட்டால் காய்ந்துவிடும். பறவையின் கண்ணில் பட்டால் இரையாகிவிடும். சுருளுக்குள் இருந்தால் நிழல் உண்டு, ஈரம் உண்டு, மறைவு உண்டு, சோறும் உண்டு. வீட்டின் சுவரையே தின்று வாழும் பிள்ளை இது! சுவர் தீர்ந்ததும் வேறோர் இலைக்குப் போய்ப் புதுவீடு கட்டிக்கொள்ளும்.

இத்தனை பெரிய இலையை இத்தனை சிறிய புழு எப்படி மடக்குகிறது? அதன் வாயருகே பட்டுநூல் சுரக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. இலையின் ஓர் ஓரத்தில் நூலை ஒட்டி, தலையை நீட்டி மறுபுறம் ஒட்டுகிறது. திரும்ப வருகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒவ்வோர் இழையும் இழுவிசையோடு நிற்பதால் இலை சிறிது வளைகிறது. வளைந்த பிறகு போடும் இழை முன்னதைவிடக் குறுகியது. அது இன்னும் சிறிது வளைக்கிறது. ஒரு நூலால் ஆகாதது நூறு நூலால் ஆகிவிடுகிறது. சங்கம் சேர்ந்தால் பலம் என்பதைப் பட்டுநூலும் அறிந்திருக்கிறது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். இலைசுருட்டி என்று பொதுவாக ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோமே தவிர, அது ஒரே புழுவல்ல. வெண்டையில் இருப்பது ஒன்று, கீரையில் இருப்பது வேறொன்று, பாகலில் இருப்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பந்தி. ஒன்றின் பந்தியில் மற்றொன்று உட்காராது.

வெண்டைப் புழுவை எடுத்துக்கொள்வோம். இதன் தாய் வெளிர்மஞ்சள் சிறகில் பழுப்பு நிற அலைக்கோடுகள் உடையது. இளம் புழு முதலில் இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். சற்று வளர்ந்ததும் சுருட்டத் தொடங்கும். ஒரே சுருளில் இரண்டு மூன்று புழுக்கள் இருப்பதும் உண்டு. பருத்தி விளையும் நாடுகளில் இதே புழு பருத்தியையும் சுருட்டுகிறது. செம்பருத்தியில் பாருங்கள், அங்கேயும் இருக்கும். புளிச்சக்கீரையில் இருக்கும். பூவரசில் இருக்கும். வேலியோரத்துத் துத்தியிலும் இருக்கும்.

வெண்டை எங்கே, பூவரசு எங்கே? ஒன்று இடுப்பளவுச் செடி, மற்றொன்று மரம். ஆனால் பூவைப் பாருங்கள், உறவு தெரியும். வெண்டைப் பூவும், பூவரசம் பூவும், 1960-ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செம்பருத்திப் பூவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஐந்து இதழ், நடுவில் தூண் போல் நிற்கும் மகரந்தக் குழாய். இலையைக் கசக்கினால் வழவழப்பு. இவை எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தின் பிள்ளைகள். செடியின் உருவம் நமக்கு வேறாகத் தெரிகிறது. புழுவுக்குச் சுவை ஒன்றாகத் தெரிகிறது.

அடுத்தது கீரைப் புழு. தண்டுக்கீரை, முளைக்கீரை, முள்ளுக்கீரை எல்லாம் இதற்கு உணவு. பசலை என்று நாம் பசாரில் வாங்கும் பாயமும், பீட்ரூட்டும் இதன் பட்டியலில் உண்டு. கரும்பழுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை ஓடும் சிறிய அந்து இதன் தாய். பகலில் கீரைப் பாத்திக்குள் நடந்தால் காலடியிலிருந்து குபுக்கென்று எழும்பி, நாலடி தள்ளி மறுபடியும் இலைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். இதன் புழு இலைகளை இழையால் பிணைத்துக்கொண்டு, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள்போல் விட்டுவிட்டுச் சதையைச் சுரண்டித் தின்னும். பெருகிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பாத்தியே வலைத்துணிபோல் ஆகிவிடும். கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள்.

மூன்றாவது, கொடிப் புழு. பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி, பூசணி ஆகிய கொடிக் குடும்பம் இதன் பந்தி. பச்சை உடலின் முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தண்டவாளம்போல் ஓடும். தாயின் சிறகு பளிங்குபோல் வெண்மை. ஓரத்தில் கருமையான கரை. வாலில் ஒரு சிறு குஞ்சம். இந்தப் புழு இலையை மடித்துத் தின்பதோடு நிற்பதில்லை. பூவையும் தின்னும், பிஞ்சின் தோலைச் சுரண்டித் துளைக்கவும் செய்யும். ஆகையால் மூன்றில் இதையே சீக்கிரம் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய சோதனை சொல்கிறேன். வெண்டைச் சுருளிலிருந்து ஒரு புழுவை எடுத்து, துளையிட்ட மூடியுள்ள போத்தலில் விடுங்கள். ஒரு பக்கம் கீரை இலை, மறு பக்கம் செம்பருத்தி இலை வையுங்கள். மறுநாள் காலையில் பாருங்கள். செம்பருத்தி இலையில்தான் குடித்தனம் நடக்கும். ஏன்? ஒவ்வொரு தாவரக் குடும்பமும் தன்னைக் காத்துக்கொள்ள இலையில் ஒரு கசப்பையோ, ஒரு நெடியையோ, ஒரு நச்சையோ வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் காவலை மீறத் தெரிந்த புழுவுக்கு மற்றொரு குடும்பத்தின் காவலை மீறத் தெரியாது. அதோடு, தன் செடியின் வாசனையை வைத்துத்தான் அது தன் சோற்றையே அடையாளம் காண்கிறது.

இது தெரிவதால் நமக்கு என்ன பயன்? பெரிய பயன் உண்டு. வெண்டையில் புழு கண்டால் கீரைக்கும் தாவிவிடுமோ என்று பதற வேண்டாம், தாவாது. ஆனால் பக்கத்துச் செம்பருத்தி வேலியைச் சோதித்தாக வேண்டும். போன தடவை வெண்டை நட்ட பாத்தியில் மறுபடியும் வெண்டையை நடாமல் கீரையை நட்டால், அங்கே உதிர்ந்த சருகில் உறங்கும் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் அந்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பந்தி இருக்காது. புழுவின் உறவுமுறை தெரிந்தவர்களுக்கு அதன் போக்குவரத்தும் தெரியும்.

வாழையைச் சொல்லாமல் விட்டால் தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். வாழை இலையின் ஓரத்தை நறுக்கி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டித் தொங்கவிடும் புழு ஒன்று நம் நாடெங்கும் உண்டு. மலாய்க்காரர்கள் இதை உலாட் பெங்குலுங் டாவுன் பிசாங் என்பார்கள். சுருளைப் பிரித்தால் உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிய புழு தென்படும். இதன் தாய் அந்து அல்ல; அந்தி நேரத்தில் பறக்கும், சிவந்த கண்களையுடைய ஒருவகை வண்ணத்துப்பூச்சி. ஆனாலும் தொழில் ஒன்றுதான். இலை கிழிந்தால் சாப்பாட்டுக்கு இலை போச்சு. ஒன்றிரண்டு சுருளால் வாழைக்குக் கேடில்லை. எண்ணிக்கை மிகுந்து இலை நரம்பு மட்டும் மிஞ்சினால் குலை சிறுத்துவிடும்.

இந்த வாழைச் சுருளைப் பிரிக்கும்போது சில சமயம் ஓர் அதிசயம் தென்படும். புழு செத்தோ, சோர்ந்தோ கிடக்கும். அதன் பக்கத்தில் அரிசிக் குருணை போல் வெண்மையான சிறுசிறு கூடுகள் குவிந்திருக்கும். ஐயோ, இத்தனை முட்டையா என்று நம்மவர்கள் காலால் தேய்த்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள்! அவை புழுவின் முட்டைகள் அல்ல. புழு முட்டையிடாது, முட்டையிடுவது சிறகு முளைத்த தாய்தான். அந்தக் கூடுகள் எறும்பினும் சிறிய ஒரு குளவியின் பிள்ளைகள். தாய்க்குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குளவிப் பிள்ளைகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டும். நமக்குக் கூலி கேட்காமல் வேலை செய்யும் காவலாளிகள் இவர்கள். 1973-ஆம் ஆண்டில் இந்த வாழைப் பூச்சி ஹவாய்த் தீவுக்குள் புகுந்தபோது, அங்கே இந்தக் குளவி இல்லை. வாழைகள் மூளியாயின. பிறகு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குளவியைக் கொண்டுபோய் விட்டுத்தான் அடக்கினார்கள்.

நேயர்களே, இப்போது தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். நம்மைப் போலவே தமிழ்த் தொழிலாளர்கள் வியர்வை சிந்திய இலங்கைத் தேயிலை மலைகளில் நடந்த வரலாறு இது. தேயிலையிலும் ஓர் இலைப் புழு உண்டு. இது சுருட்டுவதோடு நில்லாமல், இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்து நடுவில் குடியிருக்கும். வெண்டைப் புழுவைப்போல் இது குடும்பம் பார்ப்பதில்லை. தேயிலையைத் தின்னும், கோப்பியைத் தின்னும், ஆரஞ்சைத் தின்னும், இன்னும் பல மரஞ்செடிகளையும் தின்னும். எல்லாப் பந்தியிலும் உட்காரும் விருந்தாளி. பெண் அந்து நூறு முட்டைகளுக்கும் மேல் மீன்செதில்போல் அடுக்கி இலையின் மேல் ஒட்டிவிடும். கொழுந்து கிள்ளும் கைகளுக்கு முன்னால் புழு கொழுந்தைக் கிள்ளிவிடும்.

ஜாவாத் தீவிலும் இந்தப் புழு இருந்தது. ஆனால் அங்கே அத்தனை தொல்லை கொடுக்கவில்லை. காரணம், அதை அடக்கும் ஒரு சிறு குளவி அங்கே இருந்தது. 1935, 1936-ஆம் ஆண்டுகளில் அந்தக் குளவியை ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து தேயிலை மலைகளில் விட்டார்கள். குளவி நிலைத்தது, பரவியது, புழு அடங்கியது. உலகில் உயிரைக் கொண்டு உயிரை அடக்கிய வெற்றிகளுள் இதுவும் ஒன்றாகப் பேசப்படுகிறது.

அதன்பிறகு 1950-களில் என்ன நடந்தது தெரியுமா? தேயிலைத் தண்டைத் துளைக்கும் வேறொரு சிறு வண்டை ஒழிப்பதற்காக, டீல்டிரின் என்ற கொடிய நஞ்சைத் தெளித்தார்கள். வண்டுக்காகத் தெளித்த நஞ்சு குளவியைக் கொன்றது. இலைகளைத் தைத்து உள்ளே பதுங்கியிருந்த புழுவோ தப்பிவிட்டது. காவலன் செத்தான், திருடனுக்குக் கொண்டாட்டம். இருபது ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த புழு மறுபடியும் கொள்ளையாகப் பெருகியது. அந்த டீல்டிரின் இன்று உலக நாடுகளின் ஒப்பந்தத்தால் ஒதுக்கப்பட்ட நஞ்சுகளில் ஒன்று.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையல்ல. நம் மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலும் 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் இதே பாடத்தைத்தான் படித்தார்கள். எல்லாப் பூச்சியையும் கொல்லும் நஞ்சுகளைத் தெளிக்கத் தெளிக்க, மட்டைகளில் கூடுப்புழுக்கள் பெருகின. கூடுப்புழுவும் இலைசுருட்டிக்கு உறவுபோலத்தான். இலைத் துணுக்குகளால் பை தைத்து அதற்குள் வாழ்வது. தெளிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பி வந்தன, புழுக்கள் குறைந்தன. ஆராய்ச்சியாளர் பிரையன் உட் என்பவர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூல் இதை விளக்கியது. செம்பனைத் தோட்டத்துச் சடக்கோரங்களில் காலையில் மலர்ந்து உச்சி வெயிலில் வாடும் வெளிர்மஞ்சள் பூச்செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டது என்று நினைத்தீர்களா? குளவிக்குத் தேன் கொடுப்பதற்காக நட்டது!

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பால் வெட்டுவார். அம்மா வெளிக்காட்டில் மருந்தடிக்கும் கும்பலில் இருந்தார். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு இருபது வெண்டைச் செடிகள் உண்டு. அம்மாவைப் பெற்ற பாட்டிதான் அவற்றின் எசமானி. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஓர் ஆண்டு வெண்டை முழுவதும் சுருண்டு போயிற்று. தெரிந்தவர் ஒருவர், பூச்சி மருந்து கொஞ்சம் கொடுத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றார். அப்பா ஓர் ஆரஞ்சு பானப் போத்தலில் அதை வாங்கிவந்தார். கலந்து தெளித்தார். மிச்சத்தை மூடி, அடுப்படித் தட்டில் கிச்சாப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மருந்து சுருளின் வெளிப்புறத்தில் வழிந்து ஓடியது. உள்ளே இருந்த புழு சுகமாக இருந்தது. வெளியே அலைந்த குளவியும், சிலந்தியும், பொறிவண்டும் செத்தன. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முன்னைவிட இரண்டு பங்கு சுருள். இது ஒரு புறம் இருக்கட்டும்.

ஒரு நாள் பிற்பகல். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நாலு வயதுத் தம்பி பெட்டியின் மேல் ஏறி அந்தப் போத்தலை எடுத்துவிட்டான். அவன் கண்ணுக்கு அது ஆரஞ்சுப் பானம். ஒரு வாய் குடித்ததும் பாட்டி பார்த்துத் தட்டிவிட்டார். ஆனாலும் ஒரு வாய் உள்ளே போய்விட்டது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண் சொருகியது. லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பட்டணத்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். பாட்டி கெட்டிக்காரி. அந்தப் போத்தலையும் மடியில் கட்டிக்கொண்டு போனார். என்ன மருந்து என்று தெரிந்ததால்தான் சரியான சிகிச்சை செய்ய முடிந்தது என்று பிறகு சொன்னார்கள். ஆறு நாள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். பிழைத்துக்கொண்டான்.

அன்று இரவு அப்பா திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பாட்டி ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெண்டைப் பாத்திக்குப் போனார். "வாடா, ஆளுக்கு ஒரு வரிசை" என்று என்னை அழைத்தார். சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாளியில் போட்டோம். இருபது செடிக்கு அரை மணி நேரம் ஆகவில்லை. வாரம் இரண்டு முறை அப்படிச் செய்தோம். அடுத்த மாதம் குழம்பில் வெண்டைக்காய் இருந்தது.

நேயர்களே, அந்த அரை மணி நேரத்துக்குச் சோம்பியா நாம் நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருவது?

ஆகையால் நான் சொல்லும் வழி இதுதான். இலையைச் சுருட்டும் புழு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் புழு. சுருளே அதன் முகவரி. வாரம் இரண்டு முறை, காலை வேளையில், செடிகளைச் சுற்றி வாருங்கள். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சுருள் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். பிரித்துப் பார்க்கிறேன் என்று செடியின் மேலேயே பிரித்தால் புழு துள்ளி விழுந்து தப்பிவிடும்; முழு இலையோடு கிள்ளி வாளியில் போடுவதே சரி. கீரையில் தாக்குதல் கடுமையானால் தயங்காமல் முழுப் பாத்தியையும் அறுத்துவிட்டு, மண்ணைக் கிளறிவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். பாகல், புடலில் பூக்கும் காலத்திலேயே கவனம் தேவை.

இன்னும் பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு யுக்தி. கிள்ளிய சுருள்களை ஒரு பழைய பால்மாவு டின்னில் போட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி, செடிகளிலிருந்து சற்றுத் தள்ளி நிழலில் மூன்று வாரம் வையுங்கள். அந்து வந்தால் வலைக்குள் சிக்கி மடியும். சிறு குளவி வந்தால் வலைக்கண் வழியே வெளியேறி உங்கள் தோட்டத்துக்கே காவலுக்குத் திரும்பும். பகைவனைச் சிறையில் வைத்து நண்பனை விடுதலை செய்யும் முறை இது.

காய் அறுத்து முடிந்த வெண்டைச் செடிகளை அப்படியே நிற்க விடாதீர்கள். பிடுங்கி, சருகையும் கூட்டி, குழியில் இட்டு மண்ணால் மூடுங்கள். செம்பருத்தி வேலியை வெட்டச் சொல்லவில்லை. அதன் பூ சாமிக்கும் வேண்டும், வீட்டுக்கும் அழகு. ஆனால் அதிலும் சுருளைத் தேடுங்கள். பாத்தி ஓரத்தில் துளசியோ, கொத்தமல்லியோ பூக்க விட்டால் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.

கையால் கிள்ளியும் அடங்காமல் மருந்து வேண்டியே இருந்தால், விவசாய இலாகா அலுவலரைக் கேளுங்கள். புழுவுக்கு மட்டும் நோய் தரும் நுண்ணுயிர்ப் பொடி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. செம்பனைத் தோட்டங்களிலும் அதைக் கூடுப்புழுவுக்குப் பயன்படுத்துகிறார்கள். இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றால்தான் அது வேலை செய்யும். ஆகையால் சுருட்டுவதற்கு முன்பு, இளம் புழுவாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும்.

கடைசியாக, தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் அடுப்படித் தட்டையும், படுக்கைக்கு அடியையும், பின்வாசல் மூலையையும் ஒரு முறை பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் எந்த மருந்தாவது இருக்கிறதா? களைக்கொல்லியான பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய போத்தல் ஒன்று எந்த மூலையில் கிடக்கிறதோ, யார் கண்டார்? இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் எடுத்துப் பூட்டி வையுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவைக் கேளுங்கள். வாய்க்காலில் ஊற்றாதீர்கள். பானப் போத்தலில் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்தடிக்கும் வேலை செய்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

இலைக்குள் ஒளிந்திருக்கும் புழுவை நம் கண்ணும் கையும் கண்டுபிடித்துவிடும். போத்தலுக்குள் ஒளிந்திருக்கும் நஞ்சைப் பிள்ளையின் கண் கண்டுபிடிக்காது. இரண்டில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாளைக் காலையில் வெண்டைச் செடியருகே போகும்போது, பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போங்கள். ஆளுக்கு ஒரு வரிசை.